விசில் ஊதிய பிறகு

ட்ருகனினா
13.06.2025, வெள்ளி இரவு

அன்புள்ள அக்ஷரா,

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்கு வேண்டாம், உங்கள் வக்கீலுக்கு வேண்டாம், தமிழ்ப் பள்ளியில் என்னிடம் வாங்கி உனக்குக் கொண்டுவந்து தருகிற மோனிகாவுக்கும் வேண்டாம். யாராவது பார்த்தால் எங்கள் வீடு போய்விடும் என்று மகாதேவன் அங்கிள் சொல்கிறார். ஒரு வீடு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. இரவில் கண்ணை மூடினால் கட்டில், அலுமாரி, தம்பியின் சைக்கிள் எல்லாவற்றோடும் அது மெதுவாக வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கிறது.

இரவானதும் அம்மா என் போனை வாங்கிவிடுகிறார். "ஒரு மெசேஜும் அனுப்பப்படாது. எல்லாத்தையும் கோர்ட்டிலை வாசிப்பினம்" என்று அங்கிள் பயமுறுத்திவிட்டார். அதனால்தான் கடிதம். தமிழ்ப் பள்ளியில் வைதேகி ரீச்சர் கடிதம் எழுதப் பழக்கியபோது "சுகமறிய ஆவல்" என்ற வரியைப் பார்த்து நாம் இரண்டு பேரும் எவ்வளவு சிரித்தோம். இப்போது அதை உண்மையாகவே எழுதுகிறேன். உன் அப்பாவின் சுகமறிய ஆவல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காய்ச்சல், நீ வரவில்லை. யார் உனக்கு என்ன சொன்னார்களோ. நான் பார்த்ததை எழுதுகிறேன். வழக்கம்போல நான் ஐஸ் ஹாக்கி அரங்கின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். நடுவர் விசில் ஊதினால் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும், வட்டை மறுபடி ஐஸில் போட்டால் ஓடவிட வேண்டும். அன்று ஐஸின் மேல் மெல்லிய பனிப்புகார் நின்றது. எல்லாரும் முழங்காலுக்குக் கீழே இல்லாதவர்கள் போல மிதந்துகொண்டிருந்தார்கள். அப்பாக்கள் ஹாக்கி விளையாடும்போது அப்பாக்கள் மாதிரியே இருப்பதில்லை, கவனித்திருக்கிறாயா?

உன் அப்பாவும் என் அப்பாவும் அன்று எதிரெதிர் அணி. உன் அப்பா வட்டை என் அப்பாவின் காலுக்கிடையால் விட்டு, சுற்றிப்போய் மறுபக்கம் எடுத்துக்கொண்டார். குழந்தைகள் விழாமல் பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் பென்குயினைப் பிடித்துக்கொண்டு என் அப்பாவிடம் ஸ்கேற்றிங் பழகிய உன் அப்பா! அவருக்கே நம்ப முடியாமல் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "கீரன், உம்மடை மாணவன் உம்மை விட்டிட்டுப் போட்டான்" என்று பிரஷாந்தன் அங்கிள் கத்தினார். என் அப்பா சிரிக்கவில்லை.

பிறகு உன் அப்பா தடுப்புப் பலகையோடு விழுந்து கிடந்தார். ஹெல்மெட் பலகையில் மோதிய சத்தம் என் பெட்டிக்குள்ளும் கேட்டது. அந்த லீக்கில் உடம்பால் மோதவே கூடாது என்று உனக்குத் தெரியும். என் அப்பா பக்கத்தில் நின்று தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அம்மா எலும்பு சூப் வைக்கத் தொடங்கினார். "அம்மா, அவையள் சைவம்" என்றேன். உடனே மரக்கறி சூப்பாக மாற்றினார். நீலப் பிளாஸ்கில் ஊற்றி, திராட்சைப் பையையும் எடுத்துக்கொண்டு செருப்புப் போடும்போது மகாதேவன் அங்கிள் அம்மாவுக்குப் போன் எடுத்தார். அவர் வக்கீல் இல்லை. வீடு விற்கிற வாங்கிற பத்திரம் எழுதும் ஒபிசில் வேலை. ஆனாலும் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அவர்தான் வக்கீல். "போகாதையுங்கோ. போய்ப் பார்த்தால் பிழையை ஒத்துக்கொண்ட மாதிரி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு வாயே திறக்கப்படாது" என்றார். அம்மா செருப்பைக் கழற்றினார். பிளாஸ்க்கைக் கழுவிக் குசினியில் கவிழ்த்து வைத்தார். இன்னும் அது அங்கேயே கவிழ்ந்திருக்கிறது. அம்மா அதைத் துடைப்பார், உள்ளே எடுத்து வைக்கமாட்டார்.

போன கிழமை உங்கள் வக்கீலின் கடிதம் வந்தது. அப்பா நின்றபடியே வாசித்தார். பிறகு கராஜுக்குப் போய்க் காருக்குள் இருந்தார். கார் எங்கேயும் போகவில்லை.

நீ என்னோடு கோபமா? கோபமென்றாலும் எழுது.

இப்படிக்கு,
உன் தாட்சா


பொயிண்ட் குக்
20.06.2025

தாட்சா,

யாருக்கும் காட்டவில்லை. கணக்குப் புத்தக அட்டைக்குள் வைத்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தை எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள், நான் உட்பட.

கோபமா என்று கேட்டாய். ஆமாம். ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

அப்பாவின் முறிந்த தோள் எலும்பு கூடிவிட்டது. தலைதான் இன்னும் சரியாகவில்லை. அறையில் கனமான திரை போட்டிருக்கிறோம். வெளிச்சம் பட்டால் வாந்தி வருகிறது. நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்த்து வேலை செய்தவர், இப்போது போனைக்கூடப் பார்க்க முடியவில்லை. மின்னஞ்சல்களை நான் வாசித்துக் காட்டுகிறேன். பாதியில் தூங்கிவிடுகிறார். எங்கள் வீடு பகலிலும் விடியாத வீடு மாதிரி இருக்கிறது. எல்லாரும் காலுறையோடு நடக்கிறோம்.

முதல் வாரம் முழுக்க, வாசலில் மணி அடித்தால் "கீரனா பாரு" என்பார். போய்ப் பார்த்தால் பார்சல்காரர். "வருவாரு நாகு, கூச்சப்படறாரு போல" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபிக்காதே: "ஒரு எட்டு வந்து பார்த்தா கால் தேஞ்சிடுமா? ஞாயித்துக்கிழமை தவறாம நம்ம வீட்டு காபி குடிச்ச மனுஷன். நாய் அடிபட்டாகூட நின்னு பாப்பாங்க."

நீங்கள் யாரும் வரவில்லை. போனும் இல்லை. அதற்குப் பிறகுதான் அம்மா வக்கீலைத் தேடினார். அப்பா விழுந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் வழக்கு என்ற சொல்லையே சொல்லவில்லை, தாட்சா.

உங்கள் அங்கிளிடம் இதைச் சொல். வந்து பார்த்தாலோ வருத்தம் சொன்னாலோ அது தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று இந்த ஊர்ச் சட்டத்திலேயே இருக்கிறதாம். எங்கள் வக்கீலம்மா சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். விளையாடும்போது அடிபட்டால் யாரையும் கேட்கமாட்டோம் என்று லீக்கில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் விசில் ஊதிய பிறகு அடித்தால் அது விளையாட்டில் சேராது. நடுவர் தனக்குச் சரியாக நினைவில்லை என்கிறார். அப்பாவுக்கு அந்த இரவே நினைவில்லை. கடைசியாக நினைவிருப்பது, கண்ணாடிப் பெட்டிக்குள் நீ கையசைத்தது மட்டும்தான்.

கடிகாரம் உன் கையில்தானே இருந்தது? விசில் முதலா, அடி முதலா?

அக்ஷரா


ட்ருகனினா
27.06.2025, இரவு

அன்புள்ள அக்ஷரா,

உன் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். காது அதன்மேல் படும்போது சரசரக்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "அது வெள்ளைக்காரருக்கு எழுதின சட்டம் பிள்ளை" என்று மகாதேவன் அங்கிள் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பிளாஸ்க்கைப் பார்த்தார்.

அங்கிள் அப்பாவிடம் பேசியதை நான் படியில் இருந்து கேட்டேன். விசிலுக்கு முன் என்றால் லீக்கின் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளுமாம். விசிலுக்குப் பிறகு என்றால் வேண்டுமென்றே அடித்தது என்று சொல்லி அவர்கள் கை கழுவிவிடுவார்களாம். பிறகு எல்லாம் அப்பாவின் தலையில். இந்த வீடும். இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் ரொறன்ரோவில் அகதியாக இறங்கியபோது, ஆங்கிலம் தெரியாத பெடியனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது ஐஸ் ஹாக்கி மட்டும்தான் என்று அப்பா எப்போதும் சொல்லுவார். இப்போது அவருடைய ஸ்கேற்ஸ் கராஜில் துணி சுற்றிக் கிடக்கிறது.

எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் குடியிருப்பு எஸ்டேட் முழுக்க ஐஸ். புல்தரை, ரவுண்டபௌட், அந்தப் பக்கத்துப் பெரிய வேர்ஹவுஸ்கள் எல்லாவற்றையும் அரங்கில் ஐஸைத் துடைக்கிற மெஷின் வந்து துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஐஸுக்குக் கீழே நட்சத்திரங்கள் தெரிகின்றன. மேலே பார்த்தால் வானத்தில் ஆட்டக் கடிகாரத்தின் சிவப்பு எண்கள். அவை அசையவில்லை. ஆட்களும் அசையவில்லை. தூரத்தில் ஒருவர் மட்டும் வந்துகொண்டே இருக்கிறார். சத்தமே இல்லை. நான் பொத்தானை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், அவர் நிற்பதில்லை.

இந்த வீட்டில் என் அறைக்குள் அம்மா தட்டாமல் வருவார். தம்பி காலால் உதைத்துக்கொண்டு வருவான். அப்பா மட்டும்தான் விரல் மூட்டால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, நான் வரச் சொல்லும்வரை நிற்பார். இப்போதெல்லாம் அவர் வருவதே இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தன.

உன் தாட்சா


பொயிண்ட் குக்
25.07.2025

தாட்சா,

விடுமுறை முழுக்க யோசித்தேன். இரண்டும் ஒன்றாக நடந்தால் பொத்தானை எப்போது அழுத்தினாய்?

அப்பா இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தெரு முனைவரை நடக்கிறார். நேற்று வக்கீலம்மா வந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டார். அம்மா உன் பெயரைச் சொன்னார். அப்பா படுத்தபடியே, "அந்தக் குழந்தையைக் கூப்பிடாதீங்க. அப்பாவுக்கு எதிரா பொண்ணைக் கொண்டுவந்து நிக்க வைக்கிற வழக்கு எனக்கு வேண்டாம்" என்றார். வக்கீலம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நான் தோத்தா தோத்துட்டுப் போறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் போன பிறகு என்னிடம், "தாட்சா நல்லா இருக்காளா? பெட்டிக்குள்ளேர்ந்து எல்லாத்தையும் பாத்திருக்கும், பாவம்" என்றார்.

ஆகவே உன்னை யாரும் கேட்கப் போவதில்லை. நீ தப்பித்துவிட்டாய். நான் மட்டும்தான் கேட்கிறேன். அதற்குப் பதில் இருந்தால் எழுது. வேறு எதுவும் எழுதாதே. கனவும் வேண்டாம்.

அக்ஷரா


ட்ருகனினா
27.07.2025, ஞாயிறு, இன்னும் விடியவில்லை

அக்ஷரா,

இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு.

விசில் ஊதியது. நான் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு எண்கள் நின்றன. எல்லாரும் நிமிர்ந்து மூச்சு விட்டார்கள். உன் அப்பா பலகையோரம் நின்று என் பக்கம் திரும்பினார், தன் கெட்டித்தனத்தை நான் பார்த்தேனா என்று கேட்பது போலக் கையுறையைத் தூக்கினார். நான் கையசைத்தேன். ஆட்டம் ஓடும்போது நான் யாருக்கும் கையசைப்பதில்லை, கை பொத்தானிலேயே இருக்கும். உன் அப்பாவுக்கு நினைவிருக்கிற அந்தக் கையசைப்பு, விசிலுக்குப் பிறகு. அதை நீ எழுதிய அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் தெரியாது என்று எழுதினேன்.

எல்லாம் நின்றிருந்தது. அப்பா மட்டும் வந்துகொண்டிருந்தார்.

நேற்று உன் கடிதத்தைத் தமிழ்ப் பள்ளிக் கழிவறையில் வைத்து வாசித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, நான் மணிக்கூட்டை நிப்பாட்டிட்டன். விசில் ஊதினவுடனை."

விளக்குப் பச்சையானது. அப்பா காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"ஓம் பிள்ளை. எனக்கும் கேட்டது. காதிலை விழுந்தது, கால் நிக்கேல்லை."

"நிண்டிருக்கலாமே அப்பா."

"நிண்டிருக்கலாம்."

"வீடு போயிடுமோ?"

"போகலாம்."

உன் அப்பா என்னைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். நீயும் நானும் கடிதம் எழுதுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பா தெருவைப் பார்த்தபடியே ஓட்டினார். எங்கள் வீட்டைத் தாண்டிப் போய், ரவுண்டபௌட்டைச் சுற்றி, மறுபடி தாண்டிப் போனார். பிறகு கேட்டார்.

"அவருக்கு இப்ப வெளிச்சம் பாக்க ஏலுமோ?"

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடக்கிறாராம்."

"நீ எழுதிறதை எழுது பிள்ளை. நான் தடுக்கமாட்டன்."

அப்பா இரவு சாப்பிட வரவில்லை. கராஜில் கார்க் கதவு திறந்து மூடிய சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு நித்திரை வரவில்லை. வந்திருந்தால் அந்தக் கனவும் வந்திருக்கும்.

இதை அடுத்த சனிக்கிழமை மோனிகாவிடம் கொடுப்பேன். இதற்குப் பிறகு எனக்கு நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நீ கேட்டாய், நான் சொல்லிவிட்டேன். ஆனால் பயமாக இருக்கிறது, அக்ஷரா. இந்த வீட்டின் எல்லாச் சத்தமும் எனக்குப் பிடிக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

கொஞ்ச நேரமாகக் குசினியில் வெளிச்சம். பலகையில் கத்தி படுகிற சத்தம் கேட்கிறது. அம்மாவின் கை இவ்வளவு மெதுவாக வெட்டாது. அப்பாதான். அம்மாவும் எழும்பிவிட்டார்.

"அந்த லீக்ஸ் தாளைப் போடாதையுங்கோ, அதுவும் வெங்காயம் மாதிரித்தான். அவையள் வெங்காயம் சேர்ப்பினமோ தெரியாது."

"சரி, கரட் மட்டும். மெதுவாக் கதையும், பிள்ளை படுத்திருக்கு."

"மகாதேவன் அண்ணை அறிஞ்சால்?"

"அவருக்கும் ஒரு கோப்பை எடுத்து வையும்."

அம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. மிளகு வாசம் கதவுக்குக் கீழால் வருகிறது. பிளாஸ்கின் மூடியைத் திருகுகிறார்கள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது கார்ச் சாவிச் சத்தம். காலடி படியேறி வருகிறது. என் அறைக்கு முன்னால் நின்றுவிட்டது. விளக்கை அணைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, அக்ஷரா, தட்டுகிறார், இரண்டு