அறுந்த கயிறு மேசைமேல் இருக்கிறது

தனம் அப்பாவுக்கு,

ரவாங்கில் என் தங்கச்சிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாம். நீங்கள் ஆபீசிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியவில்லை. தனத்தைக் கூட்டிக்கொண்டு ரயிலுக்குப் போகிறேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன்.

அந்தக் கயிற்றோடு நாளைக்கு உங்கள் பாய்மரப் படகைக் கடலுக்கு எடுக்காதீர்கள். பாய்மரத்தை இழுத்துக் கட்ட பாசார் சந்தையில் மலிவாக வாங்கி வந்தீர்களே, அதில் மிச்சமிருந்ததை இன்று கிணற்று வாளிக்குக் கட்டினேன். பாதிக் கிணறு ஏறுவதற்குள் அறுந்துவிட்டது. ஒரு வாளித் தண்ணீர்தான்! மேலே புதுசாக இருக்கிறது, உள்ளே இழையெல்லாம் மக்கிப்போயிருக்கிறது. பிரித்துப் பாருங்கள்.

நேற்று, "கயித்தப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?" என்று கத்தினீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாதுதான். சுமத்ரா சூறைக்காற்று வந்தால் அந்த மரம் உங்கள் தலையில் விழும், அது தெரியும். உங்களுக்கு நீச்சலும் தெரியாது.

சொன்னாலும் போகாமல் இருக்க மாட்டீர்கள். அதனால், கொல்லையில் துணி காயப்போடும் கம்பி வடத்தை அவிழ்த்துச் சுருட்டிக் கதவோரம் வைத்திருக்கிறேன். எந்தப் புயல்மழையிலும் அது அறுந்ததில்லை. படகுக்கு அதைக் கட்டுங்கள்.

சௌந்தரம்

மறந்துவிட்டேன்: ஈரத்துணியெல்லாம் நாற்காலிகளில் கிடக்கிறது. அப்படியே கிடக்கட்டும். வேறு கம்பி வாங்க வேண்டாம். கடலிலிருந்து வந்து, இதையே உங்கள் கையால் கொல்லையில் திரும்பக் கட்டுங்கள். அதில்தான் காயப்போடுவேன்.