பாலத்தில் முகர்ந்த கை

பாளையங்கோட்டை,
மார்ச் 1908

அன்புள்ள அப்பாவுக்கு,

மாசிலாமணி வணக்கத்துடன் எழுதுவது. தேவ கிருபையால் சுகமாயிருக்கிறேன். அம்மாவின் இருமல் தணிந்ததா?

திருநெல்வேலிக் கலகத்தைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சுதேசிக் கப்பல்காரர்களைச் சிறைப்பிடித்த கோபத்தில் ஜனங்கள் நகரசபையின் மண்ணெண்ணெய்க் கிடங்கைக் கொளுத்திவிட்டார்கள். அதனால் ஆற்றுப்பாலத்தில் போலீஸார் போகிறவர் வருகிறவர் கையில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிறார்கள்.

நேற்று எனக்கு முன்னால் நின்றவர் புலமாடன். எங்கள் தெருவிளக்குகளை ஏற்றுகிறவர்.

"நாறுதே வே," என்றார் ஏட்டு.

"வெளக்கேத்துதவன் கை மல்லியப்பூவா மணக்கும், ஏட்டையா?"

அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் போட்டிருந்த வாத்தியார் கோட்டைப் பார்த்ததும், "நீங்க போங்க சார்," என்றார்கள். நானும் காலையில் படிப்பு விளக்குக்கு எண்ணெய் ஊற்றியிருந்தேன். கையை நீட்டினேன்.

பகல் முழுதும் இருவரும் ஸ்டேஷனில் இருந்தோம். எனக்கு நாற்காலி, அவருக்குத் தரை. பொழுது சாய்ந்ததும், தெருவிளக்கு ஏற்ற வேறு ஆளில்லை என்று விட்டுவிட்டார்கள். வேறொன்றுமில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். தங்கையை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். இன்று பள்ளியில் சக ஆசிரியர்கள் யாரும் என்னோடு பேசவில்லை.

நாளைக் காலை புலமாடனை மட்டும் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். விளக்கைத் தொட்ட கை எல்லாம் இப்படித்தான் நாறும் என்று காட்ட நானும் போகிறேன். இப்போதுதான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். கையைக் கழுவவில்லை.

தங்கள் மகன்,
மாசிலாமணி