பாத்திரம் போன வீடுகள்

குவென்கா,
11 ஏப்ரல் 2003, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, கசப்புப் போகச் சோச்சோ அவரை ஊறும் வாளியின் தண்ணீரை மாற்றினேன். முகம் கழுவியது அதற்குப் பிறகுதான். இந்த வாரம் குழாயில் ஒரு வேளை மட்டுமே தண்ணீர் விடுகிறார்கள். வந்த நேரத்தில் பிடித்து வைத்ததைச் சிக்கனமாக ஊற்றி, பழசைச் செடிகளுக்குக் கொட்டாமல் சாக்கடையில் விட்டேன். போன வருடம் அந்தக் கசப்புத் தண்ணீரில் என் ஜெரேனியம் இரண்டு கருகியது நினைவிருக்கிறதா?

உன் பங்கை நேற்றே வடித்துத் தோலுரித்து, உப்பு போட்டு உறைய வைத்துவிட்டேன். கடித்துப் பார்த்தேன், கசப்பின் சுவடே இல்லை. நம் ஊர் லூசில்டா நாளை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள். சோச்சோ, வறுத்த சோளம், வெல்லக்கட்டி, இந்தக் கடிதம் எல்லாம் ஒரே பொட்டலத்தில். பெரிய வியாழனுக்கு மூர்சியாவில் நீயும் ஃபனெஸ்கா சூப் வைக்கலாம். பன்னிரண்டு தானியமும் கிடைக்காவிட்டால் கிடைத்ததைப் போடு. அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிப்ரவரிக் காய்ச்சல் முழுக்கப் போய்விட்டது. மூக்குக்குத்தான் வாசனை இன்னும் திரும்பவில்லை. நாக்கு பரவாயில்லை. உப்பு தெரிகிறது, இனிப்பு கொஞ்சம் தெரிகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், சனிக்கிழமைகளில் ஆற்றோரம் நடந்து தேன்சிட்டுகளை எண்ணிக்கொண்டு வருகிறேன். நான்காவது நாவல் முடியும் தறுவாயில் இருக்கிறது. நவம்பர் விழாச் சந்தைக்குள் அச்சடித்துத் தருவதாகத் தோன் எஃப்ரயின் வாக்குக் கொடுத்திருக்கிறார். வழக்கம்போலக் கடைசியில் என் சமையல் குறிப்புகளும் உண்டு. இந்த முறை ஃபனெஸ்கா.

மூன்றாவது நாவலைப் பற்றி நீ இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. வேலை அதிகம் என்று தெரியும். இருந்தாலும் தங்கை என்று ஒருத்தி இருக்கிறாள் அல்லவா?

உன் முதுகைப் பார்த்துக்கொள். நீ கவனித்துக்கொள்ளும் அந்தக் கிழவியைத் தனியாகத் தூக்காதே.

அன்புடன்,
உன் ஹசிந்தா


மூர்சியா,
19 ஏப்ரல் 2003

என் ஹசிந்தாவுக்கு,

பொட்டலம் பத்திரமாக வந்தது. சோளத்தை அன்று மாலையே தீர்த்துவிட்டோம். வெல்லத்தை என் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன், இந்த வீட்டில் யாரையும் நம்ப முடியாது.

இனிச் சொல்லப்போவதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அங்கே தொலைபேசிக் கடையில் நின்றுகொண்டு, பக்கத்துக் கூண்டில் இருக்கிறவனுக்கும் கேட்கும்படிதான் பேசுவாய். அதனால் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

வியாழக்கிழமை ஃபனெஸ்கா வைத்தேன். கருவாட்டு மீன், பால், பூசணி எல்லாம் நன்றாகவே அமைந்தன. கடைசியில் உன் சோச்சோவைப் போட்டுக் கிண்டி, எங்கள் அறைப் பெண்களுக்கு ஊற்றிக் கொடுத்தேன். அம்பாத்தோக்காரி ஒரு வாய் வைத்தாள். வைத்தவள் என்னையே பார்த்தாள்.

"அக்கா, இது சோச்சோவா, இல்ல குடலுக்குக் குடுக்குற மருந்தா?"

"உனக்கு வாய்க்கொழுப்புடி" என்று சொல்லி நானும் ஒரு வாய் வைத்தேன். ஹசிந்தா, முழுங்க முடியவில்லை. தண்ணீரே மாற்றாதது மாதிரி இருந்தது. பானையைக் கீழே கொட்டினோம். பெரிய வியாழன் அன்று எங்களுக்கு முட்டையும் ரொட்டியும்தான்.

எனக்குச் சாப்பாடு போனது பெரிதில்லை. நீ கடித்துப் பார்த்தேன், சுவடே இல்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு உண்மையிலேயே தெரியவில்லையா? இதே வாளிச் சோச்சோவை உன் பானையிலும் போட்டாயா? ஊர் பூராவும் கொடுத்தாயா? போடவில்லை என்று எழுது.

டாக்டரிடம் போ. மூக்கை மட்டும் காட்டாதே, நாக்கையும் காட்டு.

உன் அக்கா,
ஓத்தீலியா


குவென்கா,
18 மே 2003

அன்புள்ள அக்கா,

போட்டேன். வழக்கமான எல்லா வீடுகளுக்கும் கொடுத்தேன்.

உன் கடிதம் வருவதற்குள் பாத்திரங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. நம் ஊர் வழக்கப்படி ஒன்றுகூடக் காலியாக வரவில்லை. அத்திப்பழப் பாகு, பாற்சோறு, பெரிய ரொட்டி, தலைமையாசிரியை வீட்டிலிருந்து ஒரு பூச்செடிகூட. எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "டீச்சர், இந்த வருஷந்தான் உங்க ஃபனெஸ்கா ரொம்பப் பிரமாதம்." நான் அதை நம்பி, செய்முறையை நாவலின் கடைசிப் பக்கங்களுக்குச் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் லூசில்டாவின் தம்பி உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராகத் தோன்யா சொய்லா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லணும். அன்னிக்கு ஃபனெஸ்கா கசந்துச்சா?"

"கசப்பா? யார் சொன்னா? அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"எங்க அக்கா சொன்னா."

"அப்படின்னா… ஏதோ கொஞ்சூண்டு. நாக்கு நுனியில."

உள்ளேயிருந்து அவள் புருஷன் சத்தம் போட்டார். "கொஞ்சூண்டா? நாய்க்கு வச்சோம் டீச்சர், அது எங்களப் பாத்துக் குலைக்குது!"

"நீங்க சும்மா கெடங்க! செய்தி கேட்டுக்கிட்டிருக்கறவரு அத மட்டும் கேளுங்க." என் பக்கம் திரும்பினாள். "மனசுல வச்சுக்காதம்மா. ஒவ்வொரு அவரையாத் தோலு உரிச்சு, கையெல்லாம் வீங்கிப் போயி நீ கொண்டுவந்து நிக்கிற. உம் மூஞ்சியப் பாத்து எவளாவது கசக்குதுன்னு சொல்லுவாளா?"

அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்டுவிட்டேன்.

"சரி, எம் புத்தகம்?"

"புத்தகமா? அது நல்லாருக்குன்னு அப்பவே சொன்னேனே."

"ஃபனெஸ்காவும் நல்லாருக்குன்னுதான் சொன்னீங்க."

அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பு எரியவில்லை அக்கா. வாசலிலிருந்தே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க ஒன்றுமே இல்லை. என் புத்தகத்துக்குப் பதிப்பாளர் இல்லை, திருத்திக் கொடுக்க ஆள் இல்லை, பத்திரிகையில் எழுதுகிறவர் யாரும் இல்லை. நானே எழுதி, நானே அச்சடித்து, பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். யார் வீட்டுக்கு ஃபனெஸ்கா போகிறதோ அதே வீட்டுக்குத்தான் புத்தகமும் போகிறது. அதே வாசல், அதே முகம், அதே "பிரமாதம் டீச்சர்". இத்தனை வருடம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் காலையில் நான்கு மணிக்கு எழுந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அந்தச் சொல் எதற்கும் ஆகாது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

டாக்டரிடம் போனேன். நரம்பு என்கிறார். வரலாம், வராமலும் போகலாம், காத்திருங்கள் என்கிறார். மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. கசப்பு மட்டும் எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை என்பதைச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

சோச்சோ கசக்கிறது என்று சொன்னது நீ ஒருத்திதான். அதனால் உன்னிடம்தான் கேட்க முடியும். என் நாவல்கள் நன்றாக இருக்கின்றனவா? மூன்றும். சோச்சோவைச் சொன்ன மாதிரியே சொல். நான்காவதை அச்சுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று உன் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

ஹசிந்தா


மூர்சியா,
15 ஜூன் 2003

என் கண்ணே,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு நான்காவதாக இதை எழுதுகிறேன். இதையும் கிழித்தால் தபாலுக்கு நேரமாகிவிடும்.

எனக்குத் தெரியவில்லை, ஹசிந்தா. நீ கேட்டது எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

உன் புத்தகத்தைப் பேருந்தில்தான் படிப்பேன். முதல் பக்கத்தைத் திறக்கிறேன், அதில் யாரோ ஒருத்தி சந்தைக்குப் போகிறாள். உடனே உன் குரல் கேட்கிறது. நீ மாடிப்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே, அந்தக் கதையை என்னிடம் வாயால் சொல்கிற மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்குக் கதை தெரிவதில்லை. அழுகை வந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டுக் கைக்குட்டை கொடுத்தாள். அந்த அழுகை உன் எழுத்துக்கா, ஊருக்கா, உனக்கா? எதற்கென்று நான் எப்படிச் சொல்வேன்?

மூன்றாவதைப் பற்றி நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். நாற்பது பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. புத்தகம் மோசம் என்று அர்த்தம் செய்துகொள்ளாதே. நன்றாக இருக்கிறது என்றும் செய்துகொள்ளாதே.

வேறு வழி ஒன்று தேடிப் பார்த்தேன். நான் கவனித்துக்கொள்ளும் தோன்யா என்கார்னாவின் அண்ணன் மகன் பள்ளி ஆசிரியர், நிறையப் படிக்கிறவர். அவரிடம் இரண்டாவது நாவலைக் கொடுத்தேன். எழுதியது யார் என்று சொல்லியிருக்கக் கூடாது, பெருமையில் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். "ரொம்ப அழகா இருக்கு ஓத்தீலியா, தங்கச்சிக்கு என் வாழ்த்தச் சொல்லுங்க." புத்தகம் கொடுத்த மாதிரியே இருந்தது. ஒட்டியிருந்த பக்கம்கூடப் பிரியவில்லை. அவரை என்ன சொல்வது? தன் அத்தைக்கு மலஜலம் எடுக்கிற பெண்ணின் தங்கை எழுதிய புத்தகம். அவரும் உன் சொய்லா மாதிரிதான்.

என் நாக்கை நம்பு. என் கண்ணை நம்பாதே. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்கு இந்த நேரத்தில் உதவ முடியாத அக்காவாக இருக்கிறேன் என்று ராத்திரி பகலாக மனசு அடித்துக்கொள்கிறது.

புத்தகம் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதே. கையில் வைத்திருந்தால் போதும் எனக்கு.

உன் அக்கா,
ஓத்தீலியா


குவென்கா,
6 ஜூலை 2003, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று நீ பயந்திருப்பாய். நீ தெரியவில்லை என்று எழுதிய அந்த வரியைப் போல உண்மையான ஒரு வரியை என் புத்தகங்களைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால் என் சங்கடம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார முடிந்தது.

நாக்கு அப்படியேதான் இருக்கிறது. சமைப்பதைக் குறைத்துவிட்டேன். காலையில் ரொட்டி, மதியம் பள்ளிக்கூடச் சூப். எதிர்வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, "உப்பு பாரும்மா" என்று கேட்க வாயெடுத்தேன். அவளும் என்னைப் பார்த்துச் சிரித்து, "சூப்பர் டீச்சர்" என்றுதான் சொல்வாள். கேட்கவில்லை.

நாவல் முடிந்துவிட்டது. போன செவ்வாய் தோன் எஃப்ரயினின் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அவர் கட்டைப் புரட்டிவிட்டு, "அருமையா வந்திருக்கு டீச்சர்" என்றார்.

"படிச்சீங்களா?"

"நான் எங்க படிச்சேன்? படிச்சாக் கதையில போயிருவேன், பிழை கண்ணுக்குத் தெரியாது. நான் எழுத்த மட்டுந்தான் பாப்பேன்."

"அப்புறம் எப்படி அருமைன்னீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நீங்கன்னா அருமையாத்தானே டீச்சர் இருக்கும்! அட்டைக்குப் போன தடவ போட்ட போட்டோவே போதுமா, புதுசா எடுப்பமா?"

வந்து சொல்கிறேன் என்று கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கட்டு இந்த ஐந்து நாளும் சாப்பாட்டு மேசையில் என் எதிரில்தான் இருந்தது. படித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நன்றாக இருக்கிறது என்று தோன்றும், அதே பக்கம் மாலையில் ஒன்றுமில்லை என்று தோன்றும். சோச்சோவைக் கடித்தபோது எப்படி இருந்ததோ அப்படித்தான். எனக்கு எதுவும் தெரியவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகப் படுகிறது. என்னை வைத்துக்கொண்டு என்னால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் கடைசியில் எனக்குப் புரிந்தது.

எரித்துவிடலாம் என்றுகூட ஒரு காலையில் நினைத்தேன். அதுவும் ஒரு வகையில் யாரையும் கேட்காமல் எடுக்கிற தீர்ப்புதானே என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும்வரை இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாவலை அச்சடிக்கிறேன். அட்டையில் என் பெயர் இருக்காது. யாருக்கும் தெரியாத, நானே கற்பனையாக வைத்த ஒரு பெயர் இருக்கும். படம் இல்லை, கடைசியில் சமையல் குறிப்பும் இல்லை. எஃப்ரயினிடம் யாரோ வெளியூர்க்காரருக்காக என்று சொல்லிவிடுவேன். அவர் கதையைப் படிக்கிறவர் இல்லை, கண்டுபிடிக்க மாட்டார். நவம்பர் சந்தையில் இந்த வருடம் எனக்கு மேசை கிடையாது. லோஹாவிலிருந்து பழைய புத்தகம் விற்க வரும் பெண் ஒருத்தி இருக்கிறாள், என்னை அவளுக்குத் தெரியாது. அவள் மேசையில் மற்றவற்றோடு அடுக்கச் சொல்லி ஆளிடம் கொடுத்தனுப்புவேன். வேண்டுமென்கிறவர்கள் வாங்கட்டும். நான்கு பக்கம் புரட்டிவிட்டு வைக்கிறவர்கள் வைத்துவிட்டுப் போகட்டும். ஒன்றுகூட விற்காமல் போகலாம். அப்படித்தான் ஆகும் என்று ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிகிறது. சொய்லாவும் தலைமையாசிரியையும் "இந்த வருஷம் புத்தகம் இல்லையா டீச்சர்?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். அவர்களுக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

உனக்குப் பொட்டலம் வரும். சோளமும் வெல்லமும் வரும், சோச்சோவைக் கடையில் வாங்கி அனுப்புகிறேன். புத்தகம் வராது. நீ கேட்டும் நான் செய்யாமல் இருப்பது இது ஒன்றுதான், பொறுத்துக்கொள்.

அந்தப் பெயரை உனக்கும் சொல்லப்போவதில்லை, அக்கா. தெரிந்தால் அந்தப் புத்தகத்திலும் என் குரலைக் கேட்டு அழுதுவிடுவாய்.

என்றும் உன்,
ஹசிந்தா