எல்லாத்துக்கும் ஓம் ஓம்

ஜனவரி 15, புதன். வெரிபீ.
38 பாகை, இஞ்ச ஜனவரிதான் கோடை. இந்த வெக்கையில கம்பளிச் சொக்ஸ் மடிக்கிறன். இருபத்தஞ்சாவது கலியாண நாளுக்கு மகளின்ர பரிசு: ஜப்பான். டோக்கியோவில ஒரு இரவு, பிறகு வெள்ளி தொடக்கம் ஞாயிறு வரை ஒரு மலைக் கிராமம். பின்னேரம் பிளேன்.
பாஸ்போட், தைலம், இவரின்ர பிரஷர்க் குளிசை.
"குளிசை வைச்சாச்சோ?" மூண்டு தரம் கேட்டன். "ஓம் ஓம்." போய்ப் பாத்தா மேசையில கிடக்கு.

ஜனவரி 17, வெள்ளி.
ரயில் நேரத்துக்கு வந்துது. நாங்கள்தான் பிழை. கிராமத்துக்குப் போற பஸ் டிக்கற் எடுக்க இவர் போனவர். இண்டைக்கோ நாளைக்கோ எண்டு டிக்கற் குடுக்கிற பிள்ளை இங்கிலீசில வடிவாக் கேட்டிருக்கு. இவர் "யெஸ் யெஸ்". தந்தது நாளைக்கு. மாத்திப் போட்டு அடுத்த பஸ்சுக்கு இரண்டரை மணித்தியாலம் குளிருக்க. மனுசன் ரின்னில அடைச்ச சூடான கோப்பி வாங்கித் தந்து சிரிக்குது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.
கிராமம் வடிவுதான், ஒத்துக்கொள்ளுறன். செங்குத்துக் கூரையள், புல்லால வேஞ்சது, மேல தடிப்பாப் பனி. அறைக்குக் கடதாசிக் கதவு. பக்கத்து அறையில தும்மினா இஞ்ச கேக்குது. இவருக்கு ஒண்டு சொல்லுறதெண்டா நான் கத்த வேணும். கத்தினா, "மெல்லமாக் கதையும், சனம் இருக்கு" எண்டு எனக்குப் புத்தி.

ஜனவரி 18, சனி.
காலமை வெயில். நாங்கள் தங்கின வீட்டுக்கார மனுசி கூரையைக் காட்டி, கையை மேல இருந்து கீழ விழுத்தி, தள்ளி நடவுங்கோ எண்டு விளங்கப்படுத்தினவ. இவர் தலையாட்டினார். பத்து நிமிஷம் கூட ஆகேல்ல, படம் எடுக்கிறன் எண்டு ஒரு வீட்டுக் கூரைக்கு நேர கீழ போய் நிண்டார். மேல சர்ர் எண்டு சத்தம்.
"விலகுங்கோ! இஞ்சருங்கோ, விலகுங்கோ!" தொண்டை கிழியக் கத்தினன். திரும்பவே இல்ல.
அவ்வளவு பனியும் வந்து விழுந்துது. ஒரு கையுறை மட்டும் தெரிஞ்சுது.
நான் கையால கிண்டினன். முன்வீட்டுச் சனம் மூண்டு பேர் மண்வெட்டியோட ஓடி வந்தினம். முகம் வெளிய வந்துது. இருமினார். முதல் கேள்வி: "கமரா எங்க?" அடிச்சிருப்பன்.
பிறகு அடுப்புக்குப் பக்கத்தில, இரண்டு போர்வைக்குள்ள:
"எத்தினை தரம் கத்தினனான்!"
"கேக்கேல்ல."
"கவனிக்கேல்ல எண்டு சொல்லுங்கோ."
"இல்லையப்பா. கேக்கேல்ல. இடது காது இரண்டு வருஷமா ஒண்டும் இல்ல. மற்றதும் பாதிதான்."
வேலைக்கு இவர் ஓடுறது பள்ளிக்கூட பஸ்.
"பின்னால பிள்ளையள் கத்தினா?"
"கண்ணாடியில பாப்பன்."
"அம்புலன்ஸ் வந்தா?"
போர்வையை இழுத்துத் தலையை மூடினார்.

ஜனவரி 19, ஞாயிறு.
கலியாண நாள். காலமைச் சாப்பாடு ஆளுக்கொரு மூலையில. சூப்பில மீன் மணம்.
என்னைக் கணக்கெடுக்கிறாரில்லை எண்டு இரண்டு வருஷமா மனசுக்க எவ்வளவு திட்டியிருப்பன். பாவம் எண்டு நினைக்க வெளிக்கிட்டா, அந்த பஸ்சில இருக்கிற பிள்ளையள் ஞாபகம் வருது. திரும்பவும் கோபம்.
பஸ் தரிப்பில முகத்துக்கு நேர நிண்டு கேட்டன்.
"வேலையில நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?"
"லைசன்ஸ் போயிடும். அம்பத்தாறு வயசில எனக்கு ஆர் வேலை தருவினம்?"
"தெரியாது."
"என்னைக் காட்டிக் குடுப்பீரோ?"
"ஓம்."
பஸ்சில தனித்தனிச் சீற்.

ஜனவரி 22, புதன். வெரிபீ.
36. ஊத்தை உடுப்பு ஒரு மலை. மகள் படங்கள் கேக்கிறாள். என்னத்தை அனுப்ப?
பள்ளிக்கூடம் தொடங்க ஒரு கிழமை கிடக்கு. பத்து மணிக்கு இவர் வேலையிடத்துக்குக் கோல் எடுக்கப் போனோட காருக்குள்ள போய் இருந்தார். நான் கேக்கக் கூடாதாம். நாலு கண்ணாடியும் ஏத்தியாச்சு. நான் குசினி யன்னலுக்குப் பக்கத்தில. முன்வீட்டுக்காரர் புல்லுக்கு அடிச்ச தண்ணியை நிப்பாட்டிப் போட்டுத் திரும்பிப் பாத்தார். தெரு முழுக்கக் கேட்டுது.
"ஐ கான்ட் ஹியர்! நோ, நோ, போன் இஸ் ஓகே. மீ! மீ!"