அண்ணனுக்கும் பெரட்டு

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டம், 1981 நவம்பர், செவ்வாய் இரவு

அரசாங்கத்தை எதிர்த்து நோட்டீஸ் ஒட்டினான் என்று அண்ணனைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றைக்குத்தான் ஜெயிலிலிருந்து முதல் கடிதம் வந்தது. பாதியை ஜெயில்காரர்களே கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். மிச்சத்தை அம்மாவுக்கு வாசித்தேன்.

"இங்கேயும் விடிந்தால் பெரட்டுதான். வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிறார்கள்" என்று எழுதியிருந்தான். தோட்டத்தில் விடிகாலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற பெரட்டை நினைத்து, எங்களைச் சிரிக்கவைக்க எழுதியிருப்பான்.

அம்மா சிரிக்கவில்லை. எழுந்தே விட்டாள். "பேர் பதிஞ்சிட்டாங்களா? அப்ப அவனுக்கு வேலை குடுத்துட்டாங்கன்னு சொல்லு!"

பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். லயத்து வீட்டு வரிசையே சந்தோசப்பட்டது. அது வேலைக்கு நிற்கிற பெரட்டு இல்லை, ஆள் தப்பவில்லையே என்று எண்ணிப் பார்க்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விளக்கு வைத்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"பெரட்டுக்குப் பிந்திப் போயிராதேன்னு எழுது புள்ள. பிந்தினா, வேலை இல்லைன்னு வீட்டுக்கே திருப்பி அனுப்பிருவாங்க."

அம்மா சொன்னபடியே எழுதினேன். இதையாவது அடிக்காமல் விடட்டும்.