சுற்றி வந்த பெட்டி

மச்சான்,

இன்று காலை சேலையூர் கேம்ப் ரோடு முழுக்கப் போகிப் புகை. எதிரே வந்த பஸ்ஸின் விளக்குகள் மட்டும் தனியே மிதந்து வந்தன. பைக்கை ஓரங்கட்டி நின்றுவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது.

விமான நிலையச் சரக்குப் பிரிவில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. வெளிநாட்டு அணு உலையில் உருவான அயோடினை வரவழைத்து, தைராய்டு புற்றுநோய்க்காரர்களுக்காக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற வேலை. மருந்து சில சொட்டுதான். அதைச் சுமக்கும் ஈயக் குடுவையைத் தூக்க இரண்டு கை வேண்டும். விமான வாடகையெல்லாம் குடுவைக்குத்தான் என்று சிரிப்பாய். எட்டு நாளில் பாதியாகிவிடும் பொருள் அது. கடலுக்கு மேலே, மேகத்துக்குள்ளே, யாரும் தொடாமலே குறைந்துகொண்டு வரும். கனவில்கூட எனக்கு அந்தப் பெட்டி மிதந்து வரும். "நேர் ப்ளைட்ல போடுடா. உள்ள தேஞ்சிகினே கீது, மேனேஜருக்கு இன்னா தெரியும்?" என்பாய்.

பிறகு உன் கழுத்திலேயே கட்டி வந்து, ஆபரேஷனும் ஆனது. மூன்று பேருக்கான மருந்து வர வேண்டியிருந்தது, அதில் ஒருவன் நீ. நீ லீவில் இருந்ததால் நான்தான் பதிவு செய்தேன். நேர் விமானத்துக்கு வாடகை அதிகம் என்று மேனேஜர் முறைத்தார். பொங்கலுக்கு முன்னால் வந்தால் போதும், இன்னும் நாள் இருக்கிறதே என்று, நடுவில் விமானம் மாறும் வழியில் போட்டுவிட்டேன். விமானம் மாறும் ஊரில் கேப்டன் பெட்டியை ஏற்ற மறுத்துவிட்டார். கதிர்வீச்சுப் பெட்டியை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, நமக்குத் தெரியாததா? நான்கு நாள் அங்கேயே கிடந்து, போன போகிக்கு முந்தைய போகியன்று வந்து சேர்ந்தது.

ரெண்டு பேருக்குத்தான் காணும் என்றார் டாக்டர். நீயோ மருந்து உடம்பில் பிடிக்க வேண்டும் என்று இரண்டு வாரமாக மீனையும் பால் டீயையும் விட்டு, தைராய்டு மாத்திரையை நிறுத்தி, முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாய். "அந்தப் பெரியவர் மதுரைலேர்ந்து வந்துகிறார் சார். அந்த அக்காவுக்குச் சின்னப் பசங்க. அவங்களுக்குக் குடுத்துடுங்க. நான் தாம்பரம்தானே, திரும்ப வர்றேன்" என்றாய்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கேட்டாய்: "எந்த ரூட்டுல வந்துச்சு?"

"நேர் ப்ளைட்தான் மச்சான். போகிப் புகை, லேட்டாயிடுச்சு."

ஒரு காலைப் புகைக்கு நான்கு நாள் தாமதமா? இருபது வருஷம் பெட்டி எடுத்தவனிடம் சொல்கிற பொய்யா அது? என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிடா, அடுத்த பெட்டியை நேர் ப்ளைட்ல போடு" என்றாய்.

அடுத்த பெட்டி வர ஒரு மாதம் ஆனது. உனக்கு நேர்ந்ததற்கு அந்த ஒரு மாதம் காரணமில்லை என்கிறார் டாக்டர். இரண்டு முறை கேட்டுவிட்டேன். பகலில் நம்புகிறேன்.

இப்போதெல்லாம் யார் என்ன கத்தினாலும் நேர் விமானம்தான். மேனேஜர் காரணம் கேட்பார், நான் சொன்னதில்லை. உனக்கு அன்றே தெரியும். ஆனாலும் என் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள்: அந்தப் பெட்டியைச் சுற்றி வரவிட்டவன் நான்தான், மச்சான்.