மாவிளக்கு வைத்த வயிறு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

போனில் கேட்டால் டவர் இல்லை என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் கருமாதி முடிந்து அவர் பெட்டியை எடுத்தபோது வயிற்றுக் கட்டிக்குச் செய்த ஆபரேஷனின் சீட்டு இருந்தது. செஞ்சி மருந்துக்கடை லூசியிடம் காட்டினேன். போனிலும் தேடிப் பார்த்தாள்.

"எக்ஸ்ப்ளோரேட்டரி லேப்பரோட்டமின்னு போட்டிருக்குது பெரிம்மா. கிரேக்கச் சொல்லாம். லேப்பரான்னா விலாவுக்குக் கீழ மெத்துனு இருக்கிற எடம். டமின்னா வெட்டுறது. வயித்தத் திறந்து பாத்திருக்காங்க."

"பாத்துட்டு கட்டிய எடுத்தாங்க இல்ல?"

"எடுத்திருந்தா அதையும் எழுதியிருப்பாங்க. எடுக்க முடியாதுன்னு பாத்துட்டு அப்படியே தச்சிட்டாங்க."

கட்டியை எடுத்தாயிற்று என்று என்னிடம் சொன்னவன் நீ. அதை நம்பித்தான் தையல் காய்ந்ததும் மேல்மலையனூர் அமாவாசைக்கு அவரைக் கூட்டிப்போனேன். படுக்கவைத்து, வயிற்றின்மேல் வாழையிலை போட்டு, மாவிளக்கு ஏற்றி வேண்டுதலைத் தீர்த்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பி நின்றாய். கேட்டதற்குப் புகை என்றாய்.

அதன்பிறகு, எழுந்து நடக்காமல் சோம்பேறித்தனம் பண்ணுகிறார் என்று நான் அவரைத் திட்டாத நாள் இல்லை.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவன் நீ. உனக்குத் தெரிந்திருக்கும். அதை நான் கேட்கவில்லை.

விளக்கு எரிந்து முடியும்வரை அவர் என் கையை விடவே இல்லை. "ஒரு விளக்குச் சூடு தாங்கமாட்டீங்களா?" என்று கேலி செய்தேன்.

அவருக்கும் தெரியுமா? அதை மட்டும் எழுது.

அம்மா